மூடி மாறிய கடல்

நாற்பத்தொன்றாம் நம்பர் டப்பாவிலிருந்த ரீலை மெஷினில் மாட்டியதும் திரையில் ஒரு நீச்சல்குளம் வந்தது. ரீல்காரர் டப்பாவின் மூடியை எடுத்து நம்பரை மறுபடி பார்த்தார்.

நீச்சல்குளம் நாற்பதாம் நம்பர் ஆயிற்றே. கணக்கு டீச்சர் கொண்டுவந்தது. அதை நேற்றே நகலெடுத்து, பென் டிரைவில் போட்டு, டீச்சர் கையில் கொடுத்தாயிற்று. அப்படியானால் நேற்று டீச்சர் வீட்டுக்குப் போனது எது?

நேற்று மெஷினில் ஓடியது ஒரு கடல். நாற்பத்தொன்றாம் நம்பர், பல் டாக்டரின் கடல் போயிருக்கிறது.

ரீல்காரர் என்ற பெயர் தொழிலால் வந்தது, குணத்தால் அல்ல என்று அவரே எல்லோருக்கும் விளக்குவார். பழைய வீட்டுப் படங்கள்தான் அவர் தொழில். ஒரு காலத்தில் கொஞ்சம் வசதியுள்ள வீடுகளில் கையடக்கக் கேமரா வைத்துப் பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். ஒரு ரீலுக்கு மூன்றரை நிமிடம். சத்தம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் இப்போது தலை நரைத்து, டப்பாவைத் தூசி தட்டி இவரிடம் எடுத்து வருவார்கள். இவர் ஃபிலிமைத் துடைத்து, கிழிந்த இடத்தை ஒட்டி, ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, டிவியில் ஓடும்படி மாற்றித் தருவார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ரீலுக்கு முகவரி கிடையாது. பெயர், நம்பர் எல்லாம் டப்பாவின் மூடியில்தான். எல்லா மூடியும் எல்லா டப்பாவுக்கும் பொருந்தும். ஆகையால் ஒரு நேரத்தில் ஒரு டப்பாவைத்தான் திறக்க வேண்டும் என்பது விதி. அதை எழுதிச் சுவரில் ஒட்டியவர் அவர்தான். இரண்டு ரீலையும் சேர்த்துத் துடைத்தால் ஒரே துணியில் வேலை முடியுமே என்று நேற்று இரண்டையும் திறந்து போட்டவரும் அவர்தான்.

நகலை வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த படிவத்தோடு ஒப்பிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அதை இப்போது செய்தார். டீச்சர் முத்து முத்தாக எழுதியிருந்தார்: 'இடம்: நீச்சல்குளம் (அப்பா மூடியில் எழுதியபடி). ஆட்கள்: அம்மா, பிள்ளைகள் மூவர்.' பல் டாக்டரின் படிவத்தில் பெயரைத் தவிர மற்ற இடமெல்லாம் கோடு. அவர் கிளினிக்கில் சீட்டுப் போடும் பெண் டப்பாவை வைத்துவிட்டு, "அவசரம் இல்லை, டாக்டர் வெளியூர் போயிருக்காரு" என்று சொல்லிப் போயிருந்தாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முதலாளி உட்கார்ந்திருந்தார். முதலாளி என்றால் மனைவியின் அண்ணன். போன மாதம் ரீல்காரர் ஒரு ரீலை வால்பக்கத்திலிருந்து மாட்டிவிட்டார். ஒரு பெரிய மனிதர் தண்ணீருக்குள்ளிருந்து கால் முதலில் வெளியே பறந்து வந்து, பலகைமேல் ஏறி நின்று, கும்பிடு போடும்படி நகல் போய்விட்டது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியைக் குடுத்துட்டுக் கிளம்பிடுங்க மாப்பிள்ளை" என்று மச்சான் சிரிக்காமல் சொல்லியிருந்தார். மச்சானிடம் பார்க்கும் வேலை போனால் கடையில் மட்டும் போகாது. சாப்பாட்டு மேசைக்கும் சேதி போகும்.

ரீல்காரர் ஃபோனை எடுத்துக்கொண்டு, மூலையில் ஃபிலிம் துடைக்கும் மருந்து பாட்டில்கள் இருக்கும் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார்.

"டீச்சர், நான் ஃபிலிம் கடையிலேர்ந்து. அந்தப் பென் டிரைவ் இன்னும் போட்டுப் பார்க்கலைதானே?"

"நாலு தடவை பார்த்தாச்சு," என்றார் டீச்சர். "நல்லா இருக்கணும் சார் நீங்க. அழுது அழுது எங்க வீட்ல ஒருத்தருக்கும் கண்ணு தெரியலை."

"இல்லை, அதுல ஒரு சின்ன..."

"நீச்சல்குளம்னு எழுதிக் குடுத்தேன். பார்த்தா கடல் வருது. நாங்க கடலுக்குப் போனதா யாருக்குமே ஞாபகம் இல்லை. இப்ப ஒண்ணொண்ணா வருது. அப்பா மணல்ல நடந்து வர்றாரு பாருங்க, அதே நடை."

மணலில் எல்லா அப்பாவும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் என்று சொல்ல ரீல்காரர் வாயெடுத்தார். இத்தனை வருடத்தில் அவர் கற்றது அது. ஃபிலிமில் ஒரு படத்தின் அகலம் சுண்டுவிரல் நகத்தில் பாதி. அதில் தூரத்தில் தொப்பி போட்டு நிற்கிற ஆளின் தலை, கடுகில் பாதி. கடுகைப் பெரிதாக்கினால் கடுகுதான் பெரிதாகும். முகத்தைப் பார்க்கிறவர்கள் போட்டுக்கொள்வார்கள்.

"உங்க முதலாளிக்கும் இப்பதான் சொன்னேன்," என்றார் டீச்சர். "அந்த மனுஷனை விட்டுடாதீங்கன்னு."

ரீல்காரர் திரும்பினார். மச்சான் பின்னால் நின்றிருந்தார். ஆறு வருடத்தில் முதல்முறையாக அவர் தோளில் தட்டி, "டீ சொல்லட்டுமா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

அந்த டீயைக் குடித்த பிறகு உண்மையைச் சொல்வது கஷ்டமாகப் போய்விட்டது.

மறுநாள் காலையில் டீச்சரே கூப்பிட்டார்.

"ஒரு சந்தேகம் சார். நாங்க மூணு பேர். அண்ணன், நான், தங்கச்சி. படத்துல நாலு வருது."

"சரியா எண்ணிப் பார்த்தீங்களா?"

"முப்பது வருஷமா கணக்குச் சொல்லித் தர்றேன். நாலு வரைக்கும் எண்ண வரும். கோடு போட்ட கால்சட்டை போட்டுக்கிட்டு ஒரு பையன், எட்டு வயசு இருக்கும். அவன் யாரு?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. 'படம் மாறிப்போச்சு டீச்சர்' என்று மூன்றே சொல். ஆனால் மச்சான் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து, டீச்சரின் பாராட்டைக் கடை வாசலில் ஒட்டுவதற்காகப் பெரிய எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுப் பையனா இருக்கும்," என்றார் ரீல்காரர்.

அதற்கடுத்த நாள் ஃபோனில் அண்ணன் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல்.

"சார், நீங்க சொன்னதும் பளிச்சுன்னு வந்துருச்சு. அந்தப் பையன் எங்க வீட்லதான் தூங்குவான். எனக்கும் சுவத்துக்கும் நடுவுல."

"பக்கத்து வீட்டுப் பையன் உங்க வீட்ல ஏன் தூங்கறான்?"

"அதைத்தான் தங்கச்சியும் கேட்டா. என்னைத் தோள்மேல உட்கார வச்சுக்கிட்டு அலைக்குள்ள போவான் சார். அவன் தலைமுடியைப் பிடிச்சுக்குவேன். ஈரத்துல வழுக்கும். அலை வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்லுவான். 'மூச்சுப் பிடி'. அவ்வளவுதான். அப்புறம் தலைக்கு மேல தண்ணி."

"படத்துல சத்தம் கிடையாதே."

"தெரியும் சார். எனக்குக் கேக்குது."

ஃபோனை வைத்ததும் ரீல்காரர் கடலை எடுத்து மெஷினில் மாட்டினார். சிரிப்பதற்காகத்தான் மாட்டினார்.

இந்தச் சிறு ஃபிலிமில் சத்தத்துக்கென்று பழுப்பாக ஒரு பட்டை ஓரத்தில் ஓட வேண்டும். அது இதில் இல்லை. சத்தம் இருக்க வழியே இல்லை. அப்பா தொலைவில் நிற்கிறார். கைக்குழந்தை ஒன்று ஈரமணலில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பொடிசுகள் அலையில் கிடக்கின்றன. அந்தப் பையன் மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறான். நால்வரில் அவன் முகம் மட்டுமே தெளிவு. அலை எழும்போது அவன் கடலுக்கு முதுகைக் காட்டி, பொடிசுகள் பக்கம் திரும்புகிறான். வாய் அசைகிறது. உதடுகள் குவிந்து, விரிந்து, ஒட்டி, திறக்கின்றன.

ரீல்காரர் பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தார். தன் வாயால் 'மூச்சுப் பிடி' என்று சொல்லிக்கொண்டே பார்த்தார். குவிந்து, விரிந்து, ஒட்டி, திறந்தது.

ஏழு அலை. ஏழு தடவையும்.

படத்தின் கடைசி அரை நிமிடத்தை அவர் முதல் நாளே வெட்டிவிட்டுத்தான் நகல் கொடுத்திருந்தார். குப்பை என்று நினைத்து வெட்டியது. இப்போது அதையும் ஓட்டினார். கடல் திடீரென்று சாய்கிறது. வானம், பிறகு மணல். மணல் மட்டும், மிக அருகில், ஒவ்வொரு துகளும் கூழாங்கல் அளவுக்கு. ஓரத்தில் ஒரு கால் ஓடுகிறது. பிறகு எதுவும் இல்லை, மணல்தான்.

இதற்குக் காரணம் அவருக்குத் தெரியும். அந்தக் கேமராவில் பேட்டரி இல்லை. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் சாவி கொடுக்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டால், கையிலிருந்து கீழே விழுந்தாலும் ஸ்பிரிங் தளரும்வரை அது பாட்டுக்கு ஓடும். பிடித்துக்கொண்டிருந்தவர் கேமராவைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஸ்பிரிங் ஓடி நிற்கும்வரை திரும்பி வந்து எடுக்கவில்லை.

ரீலைக் கழற்றி டப்பாவில் வைத்தார். பாவம், பல் டாக்டர் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது. அந்தத் துக்கத்தைத்தான் வேறொரு வீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஞாபகம் ஒட்டி, நாலு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நிறுத்தியாக வேண்டும்.

டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் முந்திக்கொண்டார்.

"அவன் ஃபோட்டோவை எடுத்துச் சொந்தக்காரங்க குரூப்ல போட்டோம் சார். யாருக்காவது அடையாளம் தெரியுமான்னு."

"தெரிஞ்சுதா?"

"ஒருத்தரும் பதில் போடலை. எங்க அத்தை மட்டும் குரூப்பை விட்டு வெளியே போயிட்டாங்க. அவங்க எப்பவும் போவாங்க, சேர்ப்போம், போவாங்க. அதை விடுங்க. பக்கத்து வீட்டுப் பையன் எங்க அப்பாவை ஏன் 'அப்பா'ன்னு கூப்பிடறான்? ரெண்டாவது நிமிஷத்துல பாருங்க, உதடு நல்லாத் தெரியுது."

"கலர் கொஞ்சம் மங்கலா இருக்கு டீச்சர், அதான் அப்படித் தெரியுது. பென் டிரைவைக் குடுத்தனுப்புங்க. சரி பண்ணித் தர்றேன்."

மருத்துவமனையில் நர்ஸாக இருந்த தங்கச்சி, டியூட்டிக்குப் போகும் வழியில் பென் டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ரீல்காரர் அந்தப் பையனை எடுத்தார். ஓரத்தில் நிற்கும் இடங்களில் ஓரத்தை நறுக்கினார். நடுவில் வரும் இடங்களை அப்படியே வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டினார். ஒரு நொடிக்குப் பதினெட்டுப் படம் வீதம் ஆயிரத்துச் சொச்சம் படங்கள். தொழில் சுத்தமாக இருந்தது. பையன் இருந்த சுவடே இல்லை. பையன் இல்லாவிட்டால் கேள்வி இல்லை. கேள்வி இல்லாவிட்டால் டாக்டர் வருவதற்குள் மெதுவாக ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். இதைத்தான் அவர் முன்யோசனை என்று நினைத்தார்.

ஞாயிறு காலையில் பென் டிரைவ் டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. மத்தியானம் ஃபோன் அடித்தது.

"அவன் எங்கே?" என்றார் டீச்சர். சத்தம் போடவில்லை. வகுப்பில் பரீட்சைத்தாள் காணாமல் போனால் கேட்கும் குரல்.

"யாரு டீச்சர்?"

"அவனை எடுத்துட்டீங்க. ஆனா மத்தவங்க எல்லாம் அவன் இருந்த இடத்தையே பார்த்துக்கிட்டு இருக்காங்க சார். அப்பா சும்மா கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரு. அண்ணன் பந்தைப் போடறான். திரைக்கு வெளியில போகுது. போயி, திரும்பி வருது."

ரீல்காரர் ஆளைத்தான் எடுத்திருந்தார். பந்தை அவர் யோசிக்கவில்லை.

"எங்க அம்மாவுக்கு மூணு வருஷமா எங்களையே அடையாளம் தெரியாது சார். இப்ப எழுந்து போய் டிவியைத் துண்டால துடைக்கிறாங்க. முன்னாடி அவன் நின்ன இடத்தை மட்டும். துடைக்கிற மாதிரி இல்லை சார், தலை துவட்டற மாதிரி."

பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "எங்க அண்ணனைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லு அந்தாளை."

"அண்ணனா?" என்றார் ரீல்காரர்.

"இவன் இப்ப அப்படித்தான் சொல்றான்," என்றார் டீச்சர். "ஐம்பத்தஞ்சு வருஷமா நான்தான் மூத்தவன்னு அதிகாரம் பண்ணினான். இப்ப ரெண்டாவதா இருக்கேன்னு தானாவே இறங்கி நிக்கிறான். எனக்குப் பயமா இருக்கு சார்."

இனிச் சொல்லாமல் முடியாது. வேலை போனால் போகட்டும் என்று ரீல்காரர் முடிவெடுத்தார். முழுதாக இல்லை, முக்கால்வாசி. டீச்சர் வீட்டில் சொல்லிவிட்டு, அவர்கள் காதும் காதும் வைத்ததுபோல் விட்டுவிட்டால் மச்சானுக்குத் தெரியவேண்டியதில்லை என்று மீதிக் கால்வாசி நம்பிக்கை.

நீச்சல்குளம் ரீலையும், சிறிய புரொஜெக்டரையும், டீச்சர் எழுதிய படிவத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். வாசலில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே தங்கச்சி நர்ஸ் உடையிலேயே இருந்தாள். அவர்களின் அம்மா டிவிக்கு எதிரில், மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், மூடி மாறிப்போச்சு," என்றார் ரீல்காரர். "நீங்க பார்த்தது வேற வீட்டுப் படம். உங்க படம் இது."

"போய்யா," என்றார் அண்ணன்.

"பார்த்துட்டுத் திட்டுங்க."

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் படத்தை ஓட்டினார். நீச்சல்குளம். ஒரு பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருக்கிறார், தண்ணீருக்கு முதுகைக் காட்டி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதே நெற்றி, அதே மூக்கு, அறையிலிருக்கும் அம்மாவேதான். பக்கத்தில் மூன்று பிள்ளைகள், முழு உடுப்போடு, செருப்போடு, காய்ந்த தலையோடு.

"அட, நான்தான் அது," என்றாள் தங்கச்சி. "இவ அக்கா. இது அண்ணன், அப்பவே முறைக்கிறான்."

படம் பிடிப்பவர் அப்பாவாக இருக்க வேண்டும். கேமரா பிள்ளைகளிடம் நிற்கவில்லை. தண்ணீருக்குப் போய், குளிக்கிற ஊரார் பிள்ளைகளை ஒவ்வொருவராக, மெதுவாகப் பார்த்துக்கொண்டு போனது. ஒரு கரைக்குப் போய், திரும்பி, மறுபடி அடுத்த கரைக்கு. மூன்றரை நிமிடமும் அதேதான். டீச்சர் வீட்டார் ஒருவர்கூட நனையவில்லை.

"நீங்க யாரும் இறங்கலையா?" என்றார் ரீல்காரர்.

"எங்களுக்கு நீச்சலே தெரியாது," என்றார் டீச்சர். "அப்பா விடமாட்டாரு."

"அப்புறம் எதுக்கு நீச்சல்குளத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு?"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதை யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருந்தது.

டீச்சர் படிவத்தை வாங்கிப் படித்தார். சுவரைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கணக்கு சரியாக இருந்தால் அவர் சண்டை போடுகிறவர் அல்ல.

"மூணுதான்," என்றார். "மன்னிச்சுக்கங்க சார். சினிமா பார்த்துட்டு அழுவாங்களே, அந்த மாதிரி யாரோ பெத்த பிள்ளைக்கு உட்கார்ந்து அழுதிருக்கோம்."

"எனக்கு அந்தக் குரல்கூடக் கேட்டுச்சே," என்றார் அண்ணன்.

"பஸ் ஓட்டி ஓட்டிக் காது போயிருச்சு உனக்கு. நீதான் மூத்தவன், போதுமா? ஏறிக்க."

அண்ணன் சிரிக்க முயன்றார். வரவில்லை. "நமக்கு அது வேண்டாம், அழிச்சிடுங்க," என்று பென் டிரைவை நீட்டினார். ரீல்காரர் அவர்கள் கண்ணெதிரிலேயே அழித்தார். குரூப்பில் போட்ட ஃபோட்டோவையும் தங்கச்சி அழித்தாள். ரீல்காரர் புரொஜெக்டரை மூடும்போது பார்த்தார். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். படத்தில் உட்கார்ந்திருந்தபடியே.

வெளியே வந்ததும் ரீல்காரருக்குக் காற்று இனித்தது. ஒரு குடும்பத்தை அதன் சரியான எண்ணிக்கைக்குக் கொண்டுவந்தாயிற்று.

மறுநாள் காலை பத்தரைக்குப் பல் டாக்டர் நேரில் வந்தார். வெளியூரிலிருந்து திரும்பிய களைப்பு முகத்தில் இருந்தது. மச்சான் எழுந்து நாற்காலி போட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் ரீல்காரரின் கால்வாசி நம்பிக்கையும் போய்விட்டது. தம்பியையோ அண்ணனையோ கடலுக்குக் கொடுத்த மனிதர். இவரிடம் மறைப்பது பாவம்.

ரீல்காரர் கடைச் சாவியை எடுத்து மச்சான் முன்னால் மேசையில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"சொல்றேன் மச்சான்." டாக்டர் பக்கம் திரும்பினார். "சார், என் தப்புதான். மூடியை மாத்திட்டேன். உங்க குடும்பத்துப் படம் வேற ஒருத்தர் வீட்டுக்குப் போயிருச்சு. அவங்க எல்லாரும் பார்த்துட்டாங்க. அந்தப் பையனைத் தங்களோட பையன்னு நினைச்சு அழுதுட்டாங்க. நான் போய் எடுத்துச் சொல்லி, நகலை அழிச்சு, அவன் அவங்க வீட்டுப் பிள்ளை இல்லைன்னு நம்ப வச்சுட்டேன். அசல் இதோ, பத்திரமா இருக்கு. உங்க துக்கத்தை ஊரார் பார்க்கும்படி பண்ணதுக்கு மன்னிக்கணும்."

மச்சானின் கை சாவியை நோக்கி நகர்ந்தது.

டாக்டர் டப்பாவை வாங்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எங்க குடும்பமா? இது எங்க படம் இல்லீங்க. நாங்க வாங்கின வீட்ல சுவத்தை இடிச்சப்ப உள்ளே வச்சுப் பூசியிருந்துச்சு. அந்த வீட்டைக் கட்டினவரோட பொண்ணு இந்த ஊர்லதான் கணக்கு டீச்சரா இருக்காங்களாம். நகல் எடுத்து அவங்ககிட்ட சேர்த்துடலாம்னுதான் குடுத்தனுப்பினேன்."